வீட்டில் கோல்ஃப் சிமுலேட்டர்: மெஷினைப் பார்ப்பதற்கு முன் கூரையை அளந்து பாருங்கள்

கோல்ஃப் சிமுலேட்டர் என்றதும் எல்லோருக்கும் ஞாபகத்துக்கு வருவது அந்தப் பெரிய திரைதான். அதில் பச்சைப்பசேலென்று ஒரு மைதானம், எதிரே அரை இருட்டில் ஒருவர் மட்டையைச் சுழற்றிக்கொண்டிருப்பார். யூடியூபில் வருகிற வீடியோக்கள் பெரும்பாலும் இந்தக் கோணத்தில்தான் இருக்கும். அதைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "எந்த மெஷின் நல்லது?" என்று. அதைக் கடைசியில்கூடக் கேட்டுக்கொள்ளலாம். முதலில் தெரியவேண்டியது உங்கள் கூரை எத்தனை அடி, அறை எத்தனை அடி நீளம் என்பதுதான். இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் எந்த மெஷின், எந்தத் திரை, எந்த புரொஜெக்டர் என்பதில் பாதி தானாகவே முடிவாகிவிடும். இதைத் தெரியாமல் மெஷினை வாங்கிவிட்டு, அதற்கேற்ற அறை வீட்டில் இல்லை என்று ஆறு மாதத்தில் பாதி விலைக்கு விற்கிறவர்கள் நிறையப் பேர். (செகண்ட் ஹேண்டில் தேடுகிறவர்களுக்கு அது நல்ல செய்திதான்.)

அறையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், இந்த ஏற்பாடு உண்மையில் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். அது புரியாவிட்டால் அளவுகள் எல்லாம் வெறும் எண்ணாகத்தான் தெரியும்.

பந்து பறப்பதில்லை, கணக்குதான் பறக்கிறது

நீங்கள் அடிக்கிற பந்து பத்தடி தள்ளித் தொங்குகிற துணியில் மோதி அங்கேயே விழுந்துவிடும். பையில் இருப்பதிலேயே நீளமான மட்டை டிரைவர். சாதாரணமாக விளையாடுகிற ஒருவர் அதை எடுத்து ஓங்கி அடித்தால் பந்து மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் கிளம்பும். பிஜிஏ டூர் என்கிற தொழில்முறைத் தொடரில் ஆடுகிறவர்கள் அடித்தால் 270ஐத் தொடும். அந்த வேகத்தில் பத்தடியைக் கடக்க ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குகூட ஆகாது. மட்டையும் பந்தும் ஒட்டியிருக்கிற நேரம் இன்னும் குறைவு, ஏறக்குறைய அரை மில்லிசெகண்ட்.

இந்தக் கண்சிமிட்டும் நேரத்துக்குள் மெஷின் பிடிக்கவேண்டிய விஷயங்கள் சில உண்டு. பந்தின் வேகம், அது தரையிலிருந்து எந்தக் கோணத்தில் எழும்புகிறது, நேராகப் போகிறதா இடது வலதாக விலகிப் போகிறதா, நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுழல்கிறது, சுழலும் அச்சு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. இவ்வளவுதான். இதைப் பிடிக்கிற கருவியைத்தான் லாஞ்ச் மானிட்டர் என்கிறார்கள். மிச்சம் எல்லாம் கணக்கு: புவியீர்ப்பு பந்தை எவ்வளவு கீழே இழுக்கும், காற்று எவ்வளவு தடுக்கும், பின்னோக்கிய சுழற்சி எவ்வளவு நேரம் பந்தைக் காற்றில் தூக்கி வைத்திருக்கும் என்று மென்பொருள் கணக்குப் போட்டு, அந்தப் பாதையைத் திரையில் வரைந்து காட்டுகிறது.

கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூ ரிவ்யூ பார்க்கிறோமே, அதே சங்கதிதான். பந்து காலில் பட்டதோடு சரி, ஸ்டம்பைத் தொட்டிருக்குமா என்பதைக் கணக்கு சொல்கிறது. அங்கே கடைசி ஓரிரண்டு மீட்டரைக் கணிக்கிறார்கள். இங்கே முதல் பத்தடியைப் பார்த்துவிட்டு மீதி 200 கஜத்தையும் கணிக்கவேண்டும். அதனால் ஆரம்ப அளவில் துளி பிசகினாலும் முடிவில் அது பெரிதாகத் தெரியும். திசையில் 2 டிகிரி தப்பாக எடுத்துக்கொண்டால் 200 கஜத்தில் பந்து 7 கஜம் தள்ளி விழும். குழியைச் சுற்றியுள்ள புல்பரப்பில், அதாவது கிரீனில், விழவேண்டியது மணல் குழியில் கிடக்கும்.

சுழற்சிதான் இதில் பிடிக்கக் கஷ்டமானது. டூர் ஆட்டக்காரர் 7ஆம் எண் அயர்னால் (டிரைவரைவிடக் குட்டையான, உலோகத் தகடு போன்ற தலையுள்ள மட்டை) அடித்த பந்து நிமிடத்துக்கு 7,000 சுற்று சுழலும், டிரைவரில் 2,500, 2,700 என்று இருக்கும். இது பந்து நகர நகர அதன் மேலேயே நடக்கிற சுழற்சி. 43 மில்லிமீட்டர் குறுக்களவு உள்ள ஒரு வெள்ளை உருண்டை எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று அரையிருட்டில் கண்டுபிடிக்கவேண்டும். 600 டாலர் மெஷினுக்கும் 20,000 டாலர் மெஷினுக்கும் இடையே பெரிய வித்தியாசம் தெரிகிற இடங்களில் முக்கியமானது இது.

கூரை

மேற்கண்ட கணக்கையெல்லாம் நல்ல மெஷின் பார்த்துக்கொள்ளும். ஆனால் அதன் முன்னால் நீங்கள் பயமில்லாமல் முழு ஸ்விங் போடவேண்டும். அதற்குத்தான் உயரம்.

டிரைவரின் நீளம் 45 அங்குலம் சொச்சம். கையை உயர்த்தி அதைச் சுற்றும்போது மட்டையின் தலை உங்கள் தலைக்கு மேலே நன்றாக உயர்ந்துதான் போகும். ஆள் உயரத்தையும் ஸ்விங்கின் வாகையும் பொறுத்து இது மாறும் என்றாலும், பொதுவாக 9 அடி இருந்தால் பெரும்பாலானவர்கள் டிரைவர் அடிக்கலாம், 10 அடி இருந்தால் யாரும் அடிக்கலாம், 8 அடி என்றால் அயர்னும், பந்தை உயரத் தூக்கி அடிக்கிற வெட்ஜும் மட்டும்தான். அமெரிக்காவிலும் கனடாவிலும் பேஸ்மெண்டில் சிமுலேட்டர் போட ஆசைப்படுகிறவர்கள் முட்டிக்கொள்வது இங்கேதான். அங்கே பழைய வீடுகளில் பேஸ்மெண்ட் 8 அடியைத் தாண்டுவது அபூர்வம், அதிலும் நடுவில் ஏசி குழாய் ஒன்று ஓடும். கராஜ் என்றால் உயரம் கிடைக்கும், ஆனால் கதவு மேலே மடங்கிப் போகிற தண்டவாளமும் அதை இழுக்கிற மோட்டாரும் சரியாக நீங்கள் நிற்கிற இடத்துக்கு மேலே தொங்கும். அதற்கு வழி உண்டு. தண்டவாளத்தைக் கூரையோடு ஒட்டி உயர்த்திவிட்டு, மோட்டாரைக் கதவின் பக்கவாட்டில் மாட்டிவிடுவார்கள். கதவு வேலை செய்கிற ஆளே செய்துகொடுப்பார். கதவு ஸ்பிரிங் சமாச்சாரம் ஆபத்தானது, அதில் மட்டும் நாமே கைவைக்க வேண்டாம்.

நம்மூர் வீடுகளில் இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு. தளம் போட்ட வீடு என்றால் 10 அடி உயரம் சகஜம். ஆனால் நடுவில் சீலிங் ஃபேன் தொங்குகிறது! ஃபேனைக் கழற்றாமல் சிமுலேட்டர் பேச்சே கூடாது. ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் அதில் ஓர் அடி போய்விடும், டியூப்லைட்டும் பரணும் எங்கே இருக்கின்றன என்று பார்க்கவேண்டும். அடுக்குமாடி வீடாக இருந்தால் கீழ்வீட்டுக்காரரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், பந்தை வைத்து அடிக்கிற விரிப்பில், அதாவது மேட்டில், மட்டை இறங்குகிற ஒவ்வொரு முறையும் அவருக்குத் 'தொம்' என்று கேட்கும்.

அளக்கிற விதம் முக்கியம். டேப்பை வைத்து 9 அடி 2 அங்குலம் என்று பார்த்துத் திருப்திப்படக்கூடாது, ஏனென்றால் நீங்கள் வெறும் தரையில் நிற்கப்போவதில்லை. மேட், அதற்கு அடியில் ஃபோம், சில சமயம் பிளைவுட் என்று 2, 3 அங்குலம் மேலே ஏறித்தான் நிற்பீர்கள். அந்த அளவுக்கு ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் ஏறி, டிரைவரைக் கையில் எடுத்து, மிக மெதுவாக ஸ்விங்கை ஒவ்வோர் இடமாக நிறுத்தி நிறுத்திக் கொண்டுபோங்கள். பக்கத்தில் ஒருவர் நின்று, மட்டையின் தலைக்கும் கூரைக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று பார்க்கட்டும். மேலே போகும்போது மட்டுமல்ல, அடித்து முடித்து மட்டை மறுபக்கம் சுற்றி வரும்போதும் பார்க்கவேண்டும், சிலருக்கு அங்கேதான் இடிக்கும். குறைந்தது ஒரு சாண் இடைவெளி வேண்டும். வேகமாக அடிக்கும்போது உடம்பு நிமிர்ந்து கை நீளும் என்பதால் மெதுவான ஸ்விங்கில் இரண்டு விரற்கடை இடம் இருந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள்.

கூரை இடிக்காவிட்டால்கூட, இடித்துவிடுமோ என்கிற பயம் இருந்தாலே போதும், ஸ்விங் கெட்டுவிடும். தெரியாமலேயே குனிவீர்கள், கையைச் சுருக்குவீர்கள். குளிர்காலம் முழுக்க அப்படி அடித்துப் பழகிவிட்டு வசந்தத்தில் மைதானத்துக்குப் போனால் பந்து எங்கே போகும் என்று சொல்லவேண்டியதில்லை. 8 அடி அறைதான் இருக்கிறது என்றால் டிரைவரை மறந்துவிட்டு அயர்ன் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது, அதுவே பெரிய உபகாரம்தான்.

அகலமும் நீளமும்

அகலம் 10 அடி இருந்தால் ஒருவர் ஆடலாம். வலதுகைக்காரர் பந்துக்கு இடப்பக்கம் நிற்பார், முதுகுக்குப் பின்னால் மட்டை சுற்ற இடம் வேண்டும், அதனால் பந்தைத் திரையின் நடுவிலிருந்து கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி வைத்துக்கொள்வார்கள். வீட்டில் இடதுகைக்காரர் ஒருவரும் இருந்தால் பந்து நடுவில் இருக்கவேண்டும், 14, 15 அடி அகலம் தேவைப்படும்.

நீளத்தைத் திரைக்குப் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். திரைக்கும் சுவருக்கும் நடுவே ஓர் அடி, திரையிலிருந்து பந்து வரை 9, 10 அடி, பந்துக்குப் பின்னால் ஸ்விங்குக்கு 5 அடி. ஆக 15, 16 அடி என்பது கேமரா வகை மெஷினுக்குப் போதுமான நீளம். ரேடார் வகை என்றால் அது பந்துக்குப் பின்னால் 6 முதல் 8 அடி தள்ளி உட்காரவேண்டும், அதனால் 18க்கும் மேலே வேண்டும். நம்மூர்ப் படுக்கையறை 10க்கு 12 என்றால் இரண்டுமே சரிப்படாது. ஹாலையோ மொட்டைமாடி அறையையோதான் பார்க்கவேண்டும். (மாடியில் தகர ஷெட் போட்டு வைக்கலாம் என்று யோசிக்கிறவர்கள் மே மாதத்து மதியம் ஒருமுறை அந்த ஷெட்டுக்குள் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். புரொஜெக்டரும் உங்களோடு சேர்ந்து வியர்க்கும்.)

திரைக்கு மிக அருகில் நின்று அடிக்கக்கூடாது என்பதற்குக் காரணம் பந்து திரும்பி வரும். அதை அப்புறம் சொல்கிறேன்.

ரேடாரா, கேமராவா

இப்போது மெஷினுக்கு வரலாம். அறையை அளந்துவிட்டதால் பேச்சு சுருக்கமாகவே முடிந்துவிடும்.

ரேடார் வகை பின்னாலிருந்து அலையை அனுப்பி, பறந்துபோகிற பந்தில் பட்டுத் திரும்புகிற அலையின் மாற்றத்தை வைத்து வேகத்தையும் கோணத்தையும் சொல்கிறது. டென்மார்க்கில் 2003ஆம் ஆண்டு தொடங்கிய டிராக்மேன் இந்த வகையில் பெரிய பெயர், டூர் பந்தயங்களில் ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் தரையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெட்டி தெரியுமே, அதுதான். வீட்டுக்காரர்கள் பக்கம் இந்த வகையைக் கொண்டுவந்ததில் கார்மின் ஆர்10க்குப் பெரிய பங்கு உண்டு. 2021ல் 600 டாலருக்கு வந்தது, அதற்கு முன் அந்த விலைக்கு இப்படி ஒன்று கிடைப்பது கஷ்டம். ரேடாருக்குப் பந்து கொஞ்சதூரமாவது பறப்பதைப் பார்க்கவேண்டும், வெளியே மைதானத்தில் வைத்தால் பிரமாதமாக இருக்கும். பத்தடியில் பந்து நின்றுபோகிற அறையில் மலிவு மெஷின்கள் சுழற்சியைப் பாதி அளந்து பாதி ஊகித்துத்தான் சொல்லும். ரேடாருக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி தயாரித்த பந்துகளும், பந்தில் ஒட்டுகிற சின்ன உலோகப் பொட்டுகளும் கிடைக்கின்றன, அவை ஓரளவு உதவும்.

கேமரா வகை பந்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு, அடித்த கணத்தில் சடசடவென்று படம் எடுத்து, படத்துக்குப் படம் பந்தின் மேலுள்ள குறிகள் எவ்வளவு திரும்பியிருக்கின்றன என்று பார்த்துச் சுழற்சியைச் சொல்கிறது. ஸ்கைடிராக், ஃபோர்சைட் ஜிசி3, ஜிசிகுவாட் எல்லாம் இந்தக் குடும்பம். நீளம் குறைந்த அறைக்கு இதுதான் சரி. குறை என்னவென்றால் இடதுகைக்காரர் ஆட வந்தால் பெட்டியைத் தூக்கி எதிர்ப்பக்கம் வைக்கவேண்டும், நேரடி வெயில் பட்டாலும் சில மெஷின்கள் குழம்பும். இன்னொரு வகை, கூரையில் மாட்டிவிடுகிற யுனீகோர் போன்றவை. காலில் இடறாது, இரண்டு கைக்காரருக்கும் பொது, விலை அதிகம், உயரமும் கேட்கும். ராப்சோடோ எம்எல்எம்2புரோ மாதிரி ரேடாரையும் கேமராவையும் சேர்த்து வருவதும் உண்டு, 2023ல் 700 டாலருக்கு வந்தது.

முதல்முறை வாங்குகிறவருக்கு என் சிபாரிசு: 18 அடிக்கு மேல் நீளம் இருந்து பணமும் அளவாக இருந்தால் ரேடார், 15 அடி அறை என்றால் பணத்தைக் கொஞ்சம் கூடச் சேர்த்துக்கொண்டு கேமரா. வாங்கும்போது சந்தாவையும் விசாரியுங்கள். பெட்டி விலை ஒரு பக்கம், அதன் மென்பொருளுக்கு வருடா வருடம் கட்டுவது ஒரு பக்கம் என்பதுதான் இப்போதைய வழக்கம். இந்தியாவுக்கு வரவழைக்கிறவர்களுக்குச் சுங்க வரி வேறு சேரும், பழுதானால் எங்கே அனுப்புவது என்கிற கேள்வியும் உண்டு.

மேட்டில் கஞ்சத்தனம் வேண்டாம்

ஆரம்பத்தில் எல்லோரும் பணத்தை மிச்சம் பிடிப்பது மேட்டில். நான் சொல்வேன், மிச்சம் பிடிக்கவே கூடாத இடம் அதுதான்.

புல்வெளியில் மட்டை பந்தை அடித்துவிட்டு மண்ணைக் கீறிக்கொண்டு போகும், மண் விட்டுக்கொடுக்கும். கான்கிரீட் தரையில் ஒரு மெல்லிய பச்சைக் கம்பளத்தைப் போட்டு அடித்தால் கீறிப்போக இடமில்லை, அதிர்ச்சி முழுக்க மட்டை வழியாக மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் ஏறும். ஒரு நாளைக்கு நூறு பந்து, வாரத்துக்கு நாலு நாள் என்று இரண்டு மாதம் அடித்துப் பாருங்கள், முழங்கையின் உள்பக்கம் சுருக்கென்று வலிக்க ஆரம்பிக்கும். அந்த வலிக்கு மருத்துவர்கள் வைத்திருக்கிற பெயரிலேயே கோல்ஃப் இருக்கிறது. எனவே பந்து வைக்கிற இடத்தில் மட்டுமாவது, மட்டை அழுந்தினால் அமுங்கி விட்டுக்கொடுக்கிற தடித்த பட்டை இருக்கவேண்டும். நிற்கிற இடத்துக்குச் சாதாரண ரப்பர் ஓடு போதும், ஆனால் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். கால் ஓர் அங்குலம் தாழ்வாகவும் பந்து மேலேயும் இருந்தால் சரிவில் நின்று அடிக்கிற ஷாட்டை ஆயிரம் தடவை பழகுகிறீர்கள் என்று அர்த்தம்.

மேட்டுக்கு இன்னொரு குணம் உண்டு: அது பொய் சொல்லும். பந்துக்கு இரண்டு அங்குலம் முன்னாலேயே மட்டை தரையில் பட்டுவிட்டால் மைதானத்தில் மண்தான் பறக்கும், பந்து பாதி தூரம்தான் போகும். மேட்டில் மட்டை வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடித்துவிடும், திரையில் அழகாக 150 கஜம் காட்டும். மெஷின் பந்தைத்தான் பார்க்கிறது, அதன்மேல் குற்றமில்லை. சத்தத்தைக் கவனியுங்கள், பந்து முதலில் பட்டால் 'டிக்' என்று ஒரே சத்தம், மேட் முதலில் பட்டால் 'தப்' என்று ஒன்று முந்திக்கொண்டு கேட்கும். அமுங்குகிற மேட்டில் இந்த வித்தியாசம் கைக்கும் தெரியும், கட்டாந்தரை மாதிரி இருக்கிற மேட்டில் தெரியாது.

திரையும் சட்டமும்

திரை என்று சாதாரண புரொஜெக்டர் துணியை மாட்டினால் முதல் நாளே கிழிந்துவிடும். இதற்கென்றே நெருக்கமாக நெய்த, பல அடுக்குப் பாலியெஸ்டர் துணி விற்கிறார்கள். அதை எப்படி மாட்டுகிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. படம் சுருக்கமில்லாமல் தெரியவேண்டும் என்று நாலு பக்கமும் இறுக்கி இழுத்துக் கட்டினால் பந்து பட்ட வேகத்தில் எகிறி உங்கள் முழங்காலுக்கே திரும்பி வரும். தளர விட்டால் துணி பின்னால் போய்ப் பந்தின் வேகத்தை வாங்கிக்கொண்டு கீழே போட்டுவிடும், ஆனால் படத்தில் அலை விழும். இரண்டுக்கும் நடுவே ஒரு பதம் உண்டு. எலாஸ்டிக் கொக்கிகளால் மேலேயும் பக்கங்களிலும் மாட்டி, கீழ்ப்பக்கத்தைக் கொஞ்சம் தளர்வாக விட்டு, துணி பின்னால் போக ஓர் அடி இடம் விடுவது வழக்கம். பின்சுவரில் பந்து இடிக்கிற சத்தம் கேட்டால் இடைவெளி போதவில்லை என்று பொருள்.

சட்டத்துக்கு இரும்புக் குழாயும் மூலை இணைப்புகளும் போதும், பக்கத்து வெல்டிங் பட்டறையிலேயே வேலை முடிந்துவிடும். ஆனால் திரைப்பக்கம் தெரிகிற குழாய் முழுவதையும் தடித்த ஃபோமால் மூடியே ஆகவேண்டும். இரும்பில் பட்ட கோல்ஃப் பந்து எந்தப் பக்கம் வரும் என்று யாராலும் சொல்லமுடியாது.

திரையின் உயரத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. வெட்ஜால் உயரத் தூக்கி அடித்த பந்து 40 டிகிரியில் எழும்பினால், பத்தடி தள்ளி இருக்கிற திரையை அடையும்போது 8 அடிக்கும் மேலே இருக்கும். திரை 7 அடிதான் என்றால் அது கூரையைத் தொட்டுவிட்டு வரும். அதனால் திரைக்கு மேலே கூரையோரமாகவும் ஒரு வலை அல்லது தடித்த துணி வேண்டும். பக்கவாட்டு வலையும் அப்படித்தான், அலங்காரத்துக்கு இல்லை. மட்டையின் முகத்தில் படாமல் கழுத்தில் பட்ட பந்து வலதுகைக்காரருக்கு வலப்பக்கமாகச் சுள்ளென்று பறக்கும். அனுபவசாலிகளுக்கும் எப்போதாவது நடக்கும். அந்தப் பக்கம் ஜன்னலோ டிவியோ இருந்தால் நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள். அடிக்கும்போது பந்துக்கு முன்னால் யாரும் போகக்கூடாது, குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் கொஞ்சம் கறாராகவே இருங்கள்.

பழைய பந்து, வெட்டுப்பட்ட பந்து, மார்க்கர் பேனாவால் கோடு போட்ட பந்து இதையெல்லாம் திரையில் அடிக்காதீர்கள். முதல் இரண்டும் துணியை அராவும், மூன்றாவது தன் மையைத் திரையில் விட்டுவிட்டு வரும்.

புரொஜெக்டரும் கம்ப்யூட்டரும்

புரொஜெக்டரில் முதலில் பார்க்கவேண்டிய எண் ஒன்று: படத்தின் அகலத்துக்கு எவ்வளவு தூரத்தில் வைக்கவேண்டும் என்கிற விகிதம். 0.8 என்றால் 10 அடி அகலப் படத்துக்கு 8 அடி தூரம். இந்த விகிதம் 1.5 என்று இருக்கிற சாதாரண புரொஜெக்டரை வாங்கினால் 15 அடி தள்ளி, அதாவது உங்களுக்குப் பின்னால் மாட்டவேண்டிவரும், உங்கள் நிழல்தான் திரையில் ஆடும். அதனால் குறுகிய தூரத்தில் படம் காட்டுகிற வகையாக வாங்கிப் பந்துக்குச் சற்று முன்னால் கூரையில் மாட்டுவார்கள், ஸ்விங்கும் அதைத் தொடாது. 10 அடி அகலத்தில் 16க்கு 9 படம் என்றால் உயரம் ஐந்தரை அடிக்குக் கொஞ்சம் மேலே, 4க்கு 3 என்றால் ஏழரை அடி. வீட்டு அறைகள் பெரும்பாலும் சதுரத்துக்குக் கிட்டத்தில் இருப்பதால் 4க்கு 3 நன்றாகப் பொருந்துவதுண்டு. 3,000 லூமென் வெளிச்சம் இருந்தால் விளக்கை முழுக்க அணைக்காமலேயே ஆடலாம்.

இன்னொன்று, புரொஜெக்டர் இல்லாமலே தொடங்கலாம்! வலை, மேட், லாஞ்ச் மானிட்டர், ஓரமாக ஒரு டேப்லெட் அல்லது லேப்டாப். பந்து எத்தனை கஜம் போனது என்று அதிலேயே தெரிந்துவிடும். பயிற்சிக்கு இது போதும், திரையும் படமும் சந்தோஷத்துக்குத்தான். 1,000 டாலருக்குள் இப்படி ஆரம்பித்து, அடுத்த வருடம் திரை, அதற்கடுத்து புரொஜெக்டர் என்று கட்டம் கட்டமாகப் போகிறவர்கள்தான் கடைசிவரை ஆடுகிறவர்கள் என்பது என் அபிப்பிராயம். முழு செட்டும் ஒரேயடியாகப் போட்டால் நடுத்தரமாக 5,000, 6,000 டாலர் ஆகிவிடும், மேலே எல்லையே கிடையாது.

மென்பொருளில் ஜிஎஸ்புரோ என்பதுதான் வீட்டு ஆட்டக்காரர்கள் மத்தியில் இப்போது அதிகம் பேசப்படுவது. வருடச் சந்தா 250 டாலர், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள விண்டோஸ் கம்ப்யூட்டர் வேண்டும். ஆட்டக்காரர்களே வரைந்து சேர்த்த மைதானங்கள் அதில் ஏராளம். ஐபேடில் ஓடவேண்டும் என்றால் இ6 கனெக்ட் இருக்கிறது. அமைப்புப் பக்கத்தில் கடல் மட்டத்திலிருந்து உயரம் என்று ஓர் இடம் இருக்கும், அதைக் கவனியுங்கள். உயரப் போகப் போகக் காற்று மெலிந்து பந்து கூடுதல் தூரம் போகும். டென்வர் நகரத்து உயரத்தில் ஏறக்குறைய 6 சதவீதம் கூடும், ஊட்டி ஜிம்கானா மைதானத்தில் ஆடியவர்களுக்கு அந்தச் சுகம் தெரிந்திருக்கும். நீங்கள் சென்னையில் ஆடுகிறவராக இருந்துகொண்டு மென்பொருளில் மலை உயரத்தை வைத்திருந்தால் திரையில் தெரிகிற கஜங்களை நம்பி மட்டை எடுக்காதீர்கள்.

பட்டிங்கில், அதாவது கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டுகிற ஆட்டத்தில், மட்டும் ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம். மெதுவாக உருளுகிற பந்தைப் பல மெஷின்களால் சரியாகப் பிடிக்கமுடிவதில்லை, கிரீனின் சரிவைக் காலால் உணரவும் வழியில்லை. கிரீனுக்கு வந்ததும் தூரத்தைப் பொறுத்து ஒரு பட், இரண்டு பட் என்று தானாகவே கணக்கில் சேர்த்துக்கொள்கிற வசதி மென்பொருளில் உண்டு, அதைப் போட்டுவிட்டு அடுத்த குழிக்குப் போய்விடுவதுதான் பலருடைய வழக்கம். டைகர் உட்ஸும் ரோரி மெக்கில்ராயும் சேர்ந்து ஆரம்பித்து 2025 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் தொடங்கிய டிஜிஎல் என்கிற உள்ளரங்கு கோல்ஃப் போட்டியில்கூட, தூர ஷாட்டுகளை 64 அடி அகலத் திரையில் அடித்துவிட்டு, கிரீன் பக்கத்து ஆட்டத்துக்கு நிஜத் தரைக்கு வந்துவிடுகிறார்கள். தென்கொரியாவில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய கோல்ஃப்சோன் ஊரெங்கும் திரை கோல்ஃப் அறைகளைப் பரப்பியது. அங்கே மைதானத்தையே மிதிக்காமல் இதை மட்டும் ஆடுகிறவர்களும் உண்டு, அவர்கள் திரையிலேயே பட்டிங்கும் சந்தோஷமாகச் செய்கிறார்கள், அது பழக்கம்.

எல்லாம் மாட்டி முடித்த அன்று உடனே ஒரு முழு ஆட்டம் ஆரம்பித்துவிடாதீர்கள். மைதானத்தில் எவ்வளவு தூரம் போகும் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு மட்டை, பெரும்பாலும் 7ஆம் எண் அயர்ன், அதை எடுத்துக் கொஞ்ச நேரம் அடியுங்கள். தூரம் வழக்கத்தைவிட 20 கஜம் கூடுதலாகக் காட்டினால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் உயர அமைப்பையும், எந்தப் பந்து வகை என்று கொடுத்திருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். எல்லாப் பந்தும் ஒரே பக்கமாக, ஒரே அளவு விலகிப் போகிறது என்றால் ஸ்விங்கைத் திருத்தக் கிளம்பவேண்டாம். பந்திலிருந்து திரையின் நடுவுக்கு ஒரு நூலைக் கட்டி, மெஷின் அந்த நூலோடு நேராக இருக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் அங்கேயே விடை கிடைத்துவிடும். நேராக வைத்ததும் அந்த இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்து வையுங்கள், கூட்டுகிறவர்கள் நகர்த்திவிடுவார்கள்.